வெள்ளை முடிக்கு லேசர் ஆகாது

ஜூலை 9, செவ்வாய்

மோட்டார் பம்பு கம்பெனிக்காரர்கள் என் மகன் கதிர்வேலுக்குக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக அவன் தொடவில்லை. பேத்தி தரணி எடுத்துவந்து கட்டிலில் போட்டு, பொழுது போகாவிட்டால் எழுதுங்கள் அப்பத்தா என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணினால் கோணட்டும். யாருக்கும் காட்டப்போவதில்லை, தலையணை உறைக்குள் இருக்கும்.

சனிக்கிழமை விடியற்காலை பாத்ரூமில் விழுந்தேன். வலது காலில் கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் போய்விட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. நாலரை மணிக்கு லைட்டுகூடப் போடாமல் அங்கே என்னம்மா வேலை என்று கதிர்வேல் மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் சோப்புத் தண்ணீர் வழுக்கிவிட்டது என்றேன்.

என் அறை வாசலில் சக்கர நாற்காலி நுழையவில்லை. அதனால் கட்டிலை ஹாலில் போட்டுவிட்டார்கள், சுவரோரமாக. பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பதுபோல் இருக்கிறது. கேஸ்காரன் பார்க்கிறான், எதிர்வீட்டுக்காரி பார்க்கிறாள். மூன்றாவது மாடி. பால்கனிக்குப் புறாவலை கட்டியிருக்கிறது. வலைக்கு வெளியே உட்கார்ந்து புறா என்னைப் பார்க்கிறது.

ஜூலை 10, புதன்

கதிர்வேல் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டான். டாக்டர் சொன்னாராம். உள்ளே மறுபடி விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும் என்று.

மருமகள் சுகந்தி நாற்காலியைத் தள்ளிப்போய் விட்டு, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறாள். நிமிஷத்துக்கு ஒரு தரம், ஏனுங்கத்தை, இருக்கீங்களா என்கிறாள். நான் எங்கே போகப்போகிறேன்.

என் காலை வேலை ஐந்து நாளாக நடக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பல்வலி. துண்டை மடித்துத் தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சுகந்தி கிராம்புத் தைலம் கொண்டுவந்தாள். துண்டை அவிழ்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

தரணிக்குக் கல்யாணம் ஆகஸ்ட் 23 என்று முடிவாகிவிட்டது. 21ஆம் தேதி இந்த ஹாலிலேயே நலங்கு. எங்கள் வழக்கத்தில் வீட்டுக்கு மூத்த சுமங்கலி முதலில் கை வைக்க வேண்டும். அது நாச்சாத்தாள்தான் என்று போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். ஹாலில் கிடக்கிற என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாச்சாத்தாள் என் வீட்டுக்காரருக்கு அக்காள், எனக்கு நங்கையா. எழுபத்தேழு வயது. அவளுடைய வீட்டுக்காரர் இன்னும் இருக்கிறார், பூவும் பொட்டும் இருக்கிறது. அதிலும் அவள்தான் ஜெயித்தாள். என் வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

அவள் எனக்குச் செய்ததை எழுதிவைக்கிறேன். நான் மறக்கிற ஆள் இல்லை.

ஐம்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், என் கல்யாணத்துக்கு முந்தின நாள். எனக்குப் பத்தொன்பது வயது. அரக்குச் சேலை, பச்சைக் கரை. மணையில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். நாச்சாத்தாள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து முதல் கை வைத்தாள். கன்னத்தில் மஞ்சள் பூசினவள் கையை எடுக்காமல் தாடைக்குக் கொண்டுபோனாள். மேலும் கீழுமாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "என்னடி புள்ள, முள்ளாட்டக் குத்துது. சவரம் பண்ணிட்டு வந்திருக்கியா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னேன் என்று அப்புறம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மெதுவாகச் சொன்னது வாசல் பந்தல்வரை எப்படிக் கேட்கும்.

நான் அழுதேன். எங்கள் அப்பா, இந்தச் சம்பந்தமே வேண்டாம், பந்தலைப் பிரியுங்கள் என்றார். மாமனார் உள்ளே வந்து என் எதிரே நின்று, உண்டா இல்லையா சொல்லம்மா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அங்கேயே எல்லார் முன்னாலும் மகளைக் கண்டித்தார். மறுநாள் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு நாச்சாத்தாள் எங்கள் வீட்டு நல்லது எதற்கும் வரவில்லை. சாவுக்கு மட்டும் வருவாள். வந்தாலும் ராங்கி. பக்கத்தில் உட்கார்ந்து, வாங்க நங்கையா என்றால் காதில் விழாத மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். மாமியார் செத்த அன்றைக்கு நான்கு தரம் கூப்பிட்டேன். எண்ணினேன், நான்கு.

ஜூலை 16, செவ்வாய்

இன்றைக்குக் கருப்பட்டிக் காப்பி. சுகந்தி தண்ணீர் சேர்த்துவிட்டாள்.

தரணி தோல் டாக்டரிடம் போய்வந்தாள். ஆறாவது தரம். அவளுக்குப் பதினான்கு வயதிலிருந்து மோவாயிலும் மேலுதட்டிலும் முடி. பள்ளிக்கூடத்தில் பையன்கள் பேர் வைத்தார்கள். குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசு என்று நான்தான் சொன்னேன். நாலு வருஷம் பூசினாள். அதற்கெல்லாம் கேட்காது.

அப்போது சுகந்தியிடம் ஒன்று சொல்லியிருந்தேன். எங்கள் வம்சத்தில் இந்தக் கூத்து கிடையாது, உன் பக்கம் விசாரி என்று. அவள் உடனே தன் அம்மாவுக்குப் போன் போட்டு அத்தை, சித்தி, பாட்டி என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். யாருக்கும் இல்லை. ஆனாலும் தன் பக்கத்துத் தோஷம்தான் என்று பழனிக்கு மூன்று தரம் நடந்துபோனாள். அது அவளுடைய பக்தி.

ஜூலை 17, புதன்

எச்சில் விழுங்கினால் துண்டு இறுகுகிறது. அவிழ்க்க முடியாது, சுகந்தியின் தங்கச்சி வந்திருக்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

தரணி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மத்தியானம் என் காலடியில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள். ஆறு தரம் லேசர் வைத்ததில் மோவாயில் பாதி குறைந்திருக்கிறது. ஆனால் முன்பு பூனைமுடிகூடச் சரியாக இல்லாத கன்ன எலும்பு ஓரத்தில், இரண்டு பக்கமும் கருகருவென்று புதிதாக வந்திருக்கிறது. சில பேருக்கு லேசர் இப்படியும் செய்துவிடுமாம். தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பிவிடுமாம்.

வேறு என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஊசி இருக்கிறது என்றாள். எலக்ட்ரோலிசிஸ் என்று பெரிதாக எழுதிக் காட்டினாள், பார்த்து எழுதியிருக்கிறேன். இனிமேல் ஊசி என்றே எழுதுவேன்.

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இது. லேசர் வெளிச்சம். கறுப்பைத் தேடிப் போகும். முடியின் கறுப்பைப் பிடித்துக்கொண்டு அடிவரை இறங்கிச் சுடும். ஒரு தட்டுத் தட்டினால் பத்து முடி. போகிறதற்கு முன்னால் சவரம் செய்துகொள்ளலாம், பிடுங்கத்தான் கூடாது, வேர் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு தரம். ஆனால் அடியோடு போகும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள், குறையும் என்றுதான் சொல்வார்கள். வயலுக்கு மருந்தடிக்கிற மாதிரி.

ஊசி அப்படி இல்லை. முடி முளைக்கிற ஒவ்வொரு துவாரத்திலும் மயிரைவிட மெல்லிய ஊசியை விட்டு, கரண்டு கொடுத்து, வேரைக் கருக்க வேண்டும். ஒன்று ஒன்றாக. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கட்டைவிரல் அகலம் முடியும். வலிக்கும், சிவக்கும், முழுக்க முடிய ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். செத்த வேர் திரும்ப வராது. களைக்கொத்தை வைத்துக் கோரையைக் கிழங்கோடு எடுக்கிற வேலை.

"அப்படின்னா ஊசிக்கே போறதுக்கென்ன?" என்றேன்.

"ஊசிக்கு முடி வெளிய தெரியோணும் அப்பத்தா. நாலஞ்சு நாளு வளத்துட்டுப் போகோணும். இந்த மூஞ்சிய வெச்சுட்டு எங்க போவேன்? ஒரு நாளு சவரம் பண்ணலீன்னா வாசப்படி தாண்டமாட்டேன் நானு."

வெள்ளை முடிக்கு எது நல்லது என்று கேட்டேன்.

"வெள்ளை முடிய லேசரு பிடிக்காதுங்க. அதுக்குக் கறுப்பு வேணும். ஊசி மட்டுந்தான்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஆருக்கு அப்பத்தா வெள்ளை முடி?"

சும்மா கேட்டேன் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

துண்டுக்குள் அரிக்கிறது.

ஜூலை 26, வெள்ளி

தரணியின் தோல் டாக்டரம்மா அவளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஏதோ ஒரு கணக்கு கூட இருக்கிறதாம். நீர்க்கட்டி இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலிருந்தே இப்படி முகத்தில் முடி உண்டா, அம்மா பக்கம், அப்பா பக்கம், பாட்டிமார் என்று தோண்டித் தோண்டிக் கேட்டிருக்கிறார். சுகந்தி இரண்டு பக்கமும் சுத்தமாக இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எங்க அத்தை உறுதியாச் சொல்லியிருக்காங்க என்று என்னைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாள்.

குடும்ப வாகு என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, யாருக்குமே இல்லாமல் இவளுக்கு மட்டும் என்றால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றாராம். வரும் வெள்ளிக்கிழமை பெரிய ஸ்கேன். ஊசிபோட்டு மருந்து ஏற்றிப் படம் எடுப்பார்கள். ஒரு நாள் அங்கே தங்க வேண்டியிருக்கும்.

கட்டி என்கிற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. குக்கர் ஐந்து விசில் அடித்தும் சுகந்தி அணைக்கவில்லை. நான் இங்கிருந்து கத்தினேன்.

ஜூலை 27, சனி

சுகந்தி கல்யாணத்தை நிறுத்திவைக்கலாமா என்று கதிர்வேலிடம் கேட்கிறாள். சமையலறையில்தான் பேசுகிறார்கள். ஹாலில் படுத்திருந்தால் எல்லாம் கேட்கும். என்னால் எழுந்து வேறு இடத்துக்குப் போகவும் முடியாது.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

கதிர்வேல் பல் டாக்டரை வீட்டுக்கே வரச்சொல்லிக் கேட்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பதினெட்டு நாளாகப் பல்வலி என்றால் விடமுடியுமா என்று மாத்திரை வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். இல்லாத வலிக்கு மூன்று வேளை மாத்திரை விழுங்குகிறேன். வயிறு எரிகிறது.

மத்தியானம் சுகந்தி கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தாள். தரணி மாத்திரையும் தண்ணீருமாக வந்தவள் கொடுக்காமல் நின்றாள்.

"எந்தப் பக்கம் வலிக்குது அப்பத்தா?"

கை வைத்துக் காட்டினேன்.

"அந்தப் பக்கம் உங்களுக்குப் பல்லே இல்லையே."

உண்மைதான். கீழ்க் கடைவாய்ப் பல் மூன்றையும் பிடுங்கி ஆறு வருஷம் ஆகிறது. இவள்தான் அன்றைக்குக் கூட வந்தாள். யாருக்கும் இல்லாத ஞாபகசக்தி எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன், பிடித்தேன் என்றுதான் நினைவு, ஆனால் அவிழ்ந்துவிட்டது. இருபத்து நாலு நாள் வளர்ந்தது. மோவாயிலும் தாடை இரண்டு பக்கமும், கீழே கழுத்து மடிப்பிலும். முழுக்க வெள்ளை. அவள் இரண்டு விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். அந்த விரல் எனக்குத் தெரியும். தன் மோவாயை அவள் எப்படித் தடவுவாளோ அப்படித் தடவினாள்.

"எப்பருந்துங்க?"

"பதினாறு வயசுல."

"தினமுமா?"

"தினமும். விடியறதுக்குள்ள."

"லைட்டுப் போடாம."

"கண்ணாடி இல்லாமயே பழகிப்போச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் இரண்டும் செய்யாமல், வெள்ளிக்கிழமை ஸ்கேன் என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள், நான் சொல்லமாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள். துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுகந்தி வருவதற்குள் போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டேன். ஜூலை மாத வெக்கையில்.

ஜூலை 31, புதன்

குளிர்கிறது என்று சொல்லிவிட்டேன். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி எழுத வேண்டும். அவர் மாதாமாதம் பிளேடு வாங்கும்போது இரண்டு பாக்கெட்டாக வாங்குவார். ஒன்று அலமாரியில் அவருக்கு. இன்னொன்றை என் சேலைப்பெட்டி மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார். முப்பத்தொன்பது வருஷம். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல மனுஷன் என்றுதான் ஊர் சொல்லும். எனக்கு அதற்காகவே அவர்மேல் கோபம் உண்டு. தெரியும் என்று ஒரு தரம் சொல்லியிருந்தால், அக்காளிடம் போய், நீ சொன்னது சரிதான் என்று அவர் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால் அவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் சுகந்தி ஆஸ்பத்திரிப் பையில் தரணியின் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். திருநீற்றுப் பொட்டலத்தை ஓரத்தில் செருகினாள். போர்வையை இறக்கி, இங்கே பாரு என்றேன். பார்த்தாள். ஐம்பது வருஷமாக இருக்கிறது, உன் பக்கமும் இல்லை தோஷமும் இல்லை, என்கிட்டேயிருந்து போனது என்றேன். டாக்டரம்மாவிடம் சொல்லிவிடு என்றேன்.

மடித்த துணியை அவள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். 

"பத்து வருசமுங்கத்தை" என்றாள். "எங்கம்மா சாகறப்பக்கூட, எம் பக்கத்துலருந்து உம் பொண்ணுக்கு வந்திருச்சேன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

அவ்வளவுதான். அப்புறம் நாற்காலியைக் கொண்டுவந்தாள், பாத்ரூமுக்குத் தள்ளிப்போனாள். வெளியே நின்றாள். ஏனுங்கத்தை, இருக்கீங்களா என்று இன்றைக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

டாக்டரம்மா பெரிய ஸ்கேன் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். பாட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே வேறு தொந்தரவு இல்லாமல் இருக்கிறதென்றால் இது குடும்ப வாகுதான், ரத்தம் மட்டும் இன்னொரு தரம் பார்ப்போம் என்றாராம். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று சுகந்தியைத் திட்டினாராம். சுகந்தி, தெரியவில்லை என்று மட்டும் சொன்னாளாம். தரணிதான் இதெல்லாம் சொன்னாள்.

சுகந்தி எல்லாம் செய்கிறாள். சோறு, மாத்திரை, நாற்காலி. பேசமாட்டேன் என்கிறாள். கதிர்வேலுக்கும் தெரியும் இப்போது. அவன் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசுகிறான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இரண்டாவது ரத்தமும் நல்லபடியாக வந்திருக்கிறது. சுகந்தி இன்னும் பேசவில்லை. நாலு நாள். எண்ணுகிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

தரணி லேசரை நிறுத்திவிட்டாள். ஊசிக்கு நாள் வாங்கியிருக்கிறாள், வரும் புதன். அதற்காக நாளையிலிருந்து முடியை வளர்க்க வேண்டும். வேலை வீட்டிலிருந்துதான். நாலு நாள் இந்த ஹாலைவிட்டு வெளியே போகமாட்டேன், நீங்களும் போக முடியாது, இரண்டு பேரும் கிடப்போம் என்றாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கேஸ்காரன் மணி அடித்தான். சுகந்தி குளித்துக்கொண்டிருந்தாள். நான் போக முடியாது. தரணி போகமாட்டாள். இரண்டு தாடிக்காரிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாவது மணிக்கு அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கேஸ்காரன் புத்தகம் கேட்டான். எடுத்துக் கொடுத்தாள். சிலிண்டரை உருட்டி வைத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த மாப்பிள்ளைப் பையனுக்குப் போன் பண்ணிப் பால்கனியில் முக்கால் மணி நேரம் பேசினாள். எல்லாம் சொல்லிவிட்டேன் என்றாள். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 14, புதன்

ஊசி வைத்துவிட்டு வந்தாள். கன்ன ஓரம் ஒரு பக்கம் மட்டும். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி, கொசு கடித்த மாதிரி. எறும்பு கடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது என்றாள். நாற்பத்து மூன்று முடி போனதாம். எண்ணியிருக்கிறாள். என் பேத்திதான்.

திங்கட்கிழமை இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு ஐந்து நாள் முகத்தில் மஞ்சளோ வாசனைத் தைலமோ எதுவும் படக்கூடாது.

நலங்கு புதன்கிழமை.

ஆகஸ்ட் 17, சனி

மாவுக்கட்டைப் பிரிக்கப் போனோம். நாற்காலியோடு மூன்று மாடி தூக்கி இறக்கினார்கள். படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு கூடவில்லை, இன்னும் மூன்று வாரம் என்றார் டாக்டர். மறுபடி மூன்று மாடி தூக்கி ஏற்றினார்கள். அதே கட்டில். அதே புறா.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சுகந்தி வெந்நீரும் தரணியின் புது ரேசரும் கொண்டுவந்து வைத்தாள். நாளைக்கு எல்லாரும் வருவாங்க, எடுத்துவிடட்டுங்களா என்றாள். பத்தொன்பது நாளைக்கு அப்புறம் அவளாகப் பேசின முதல் வார்த்தை.

முகத்தில் தண்ணீர் தொட்டு வைத்தாள். அவள் கை என் தாடைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். என் அம்மா கடைசியாக அப்படித் தொட்டது, என்னுடைய நலங்கு அன்று காலையில், பின்கட்டில் வைத்துப் பிளேடால் வழித்தபோது. ரத்தம் வந்து சாம்பல் அப்பினாள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஆளுகெல்லாம் பார்ப்பாங்கத்தை என்றாள். துண்டு கட்டிக்கொள்கிறேன் என்றேன். பல்வலிக்கா என்று கேட்டுவிட்டு வெந்நீரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முதுகு குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

கை வலித்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

ஹாலில் முப்பது பேர். என் கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, எதிரே மணை போட்டிருந்தார்கள். நான் நலங்கு வைக்கக்கூடாதவள், பார்க்கலாம். துண்டைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

நாச்சாத்தாள் வந்தாள். கூன் விழுந்துவிட்டது. பச்சைச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம். உட்கார வேறு இடமில்லாமல் என் கட்டில் ஓரத்திலேயே உட்காரவைத்தார்கள். அவளுடைய இடது பக்கத்தில் நான். வாங்க நங்கையா என்றேன். எங்கேயோ பார்த்தாள். ஐந்தாவது தரம் என்று எண்ணிக்கொண்டேன்.

தரணியை மணையில் உட்காரவைத்தார்கள். நேற்று முன்தினம் வைத்த ஊசியின் சிவப்பு இன்னும் போகவில்லை. கையிலும் காலிலும் மட்டும் பூசுங்கள் என்று சுகந்தி எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். நாச்சாத்தாளிடமும் சொன்னாள். அவள் தலையாட்டினாள். மஞ்சள் கிண்ணத்தில் கையைத் தோய்த்து எழுந்தவள் நேரே கன்னத்துக்குப் போனாள். அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

தரணி பின்னால் சாயவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கூட விடவில்லை. அப்படி உட்காருவது எனக்குத் தெரியும். நான் எட்டி நாச்சாத்தாளின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். மாவுக்கட்டுக் கால் கட்டிலிலிருந்து சரிந்தது, உயிர் போகிற வலி. அவள் தடுமாறிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை மஞ்சளோடு அந்தரத்தில் இருந்தது.

முகத்துக்கு வேண்டாம் நங்கையா என்றேன். என்ன புள்ள என்றாள். துண்டை அவிழ்த்தேன். அவள் கையைப் பிடித்து, மஞ்சளோடு, என் தாடையில் வைத்துக்கொண்டேன்.

யாரோ ஐயோ என்றார்கள். தாலி அறுத்தவள் முகத்தில் மஞ்சள். அதற்குத்தான் சொல்லியிருப்பார்கள். தாடியைப் பார்த்தும் சொல்லியிருக்கலாம்.

நாச்சாத்தாள் கையை எடுக்கவில்லை. மேலே தேய்த்தாள், கீழே தேய்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல், விரலை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நீங்க சொன்னது நெசந்தானுங்க என்றேன்.

"இந்தக் காது கேக்காது சம்பூரணம்" என்றாள் நாச்சாத்தாள். "அந்தப் பக்கம் வந்து சொல்லு."

அந்தப் பக்கம் நான் எப்படிப் போவேன். சுவர் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். நாச்சாத்தாளும் எழுந்திருக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள்.  முப்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நீங்க அன்னைக்கு சொன்னது நெசமுங்க நங்கையா. முள்ளு குத்துனது நெசம். பொய் சொன்னது நானு."

கத்தித்தான் சொன்னேன். வாசல்வரை கேட்டிருக்கும்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமே" என்றாள். எழுந்து, திரும்பக் கையைத் தோய்த்து, தரணியின் இரண்டு முழங்கையிலும் பூசினாள். முகத்தைத் தொடவில்லை. அடுத்து சுகந்தியின் தங்கச்சி வந்தாள். நலங்கு நடந்தது.

எல்லாரும் போன பிறகு சுகந்தி ஈரத்துணியோடு வந்தாள். வெள்ளை முடியில் மஞ்சள் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஒரு ராத்திரி இருக்கட்டும் என்றேன். சரிங்கத்தை என்றாள்.

முன்னால் ஒரு பக்கத்தில், மாமனார் அவளைக் கண்டித்தார் என்று எழுதியிருக்கிறேன். கண்டிக்கவில்லை. அடித்தார். இடுப்பில் குழந்தையோடு நின்றவளை, எதிரே நின்று, வலது கையால். அது எந்தக் காதில் விழுந்தது என்று எனக்கு ஐம்பத்தொரு வருஷமாகத் தெரியும்.